மூச்சு இருபது

எங்கள் நர்சிங் கல்லூரி லேபில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருக்கும். பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்று நான்கு படிகளையும் அதன்மேல்தான் பழகினோம். பொம்மைக்கு நோய் கிடையாது, அதனால் நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. மார்க்கை அள்ளிக் கொடுத்தார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வந்தவளுக்குத் தலைக்கனம் ஏற அது போதும்.

இரண்டாம் வருடம் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் போட்டார்கள். முப்பது கட்டிலுக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் தாளை நிரப்புவது என் வேலை. மூச்சை எண்ண ஒரு முழு நிமிடம் வேண்டும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். புத்தகம் அப்படிச் சொன்னது. சீனியர் அக்கா வேறு மாதிரி சொன்னாள்.

"முப்பது பெட்டுக்கும் எண்ணிகினு இருந்தா எப்ப வூட்டுக்குப் போவ? இருபதுன்னு போடு. எல்லாருக்கும் இருபதுதான்."

போட்டேன். வெட்கமே இல்லாமல், அழகான கையெழுத்தில், முப்பது தாளிலும் இருபது.

அந்த முப்பது பேரில் ஒருவர் மாமல்லபுரத்துப் பட்டறையில் மெஷின் வைத்துக் கல் அறுத்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்திருந்தது. ஐம்பது வயதுகூட இல்லை. கூட இருந்தது மனைவி மட்டும். கேஸ் ஸ்டடி எழுத அவரைத்தான் பிடித்து வைத்திருந்தேன். நல்ல கேஸ் மாட்டியிருக்கிறது உனக்கு என்று தோழிகள் பொறாமைப்பட்டார்கள்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கும் அவர் தாளில் இருபது.

"பாப்பா, நேத்துலேர்ந்து ரொம்ப மூச்சு வாங்கிகினு கீது. இன்னான்னு பாரேன்" என்றார் மனைவி.

"டாக்டர் வருவார்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். பத்து மணிக்கு டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம், முன்னால் இன்னும் இருபது கட்டில். தாளைப் பார்த்தார், அதே மருந்தைக் கொடுக்கச் சொன்னார், போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கேஸ் ஸ்டடிக்காகக் கல் அறுத்தவரின் சட்டையைத் திறந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தெட்டு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தெட்டுதான்.

பயந்துபோனேன். அவரை நினைத்து இல்லை, என்னை நினைத்து. எட்டு மணிக்கு இருபது, இப்போது முப்பத்தெட்டு என்றால் வார்டு சிஸ்டர் விடமாட்டார். காலையில் எண்ணினாயா என்று முதலில் அதைத்தான் கேட்பார். ஆகவே இருபத்து நான்கு என்று எழுதினேன். இரண்டு மணிக்கு இருபத்தெட்டு போடலாம், அதற்கப்புறம் முப்பத்திரண்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உண்மைக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மணி வரை அவர் இருக்கவில்லை. ஒன்றரைக்கு மனைவி போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம். டாக்டர் மார்பை அழுத்தினார், ஊசி போட்டார், கடைசியில் கையை எடுத்துவிட்டார். தாளைப் புரட்டிப் பார்த்து, "திடீர்னு ஆயிடுச்சு" என்றார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மனைவிதான் கேட்டார். வராந்தாவில் என் எதிரே வந்து நின்றார்.

"நீதானே பாப்பா பாத்துப் பாத்து எழுதிகினு போன. மூச்சுக்கு ரொம்ப அவஸ்தப்பட்டுச்சா அது?"

"இல்லம்மா. எல்லாம் நார்மலாத்தான் இருந்துச்சு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான்தான் தப்பாப் பாத்துகினு இருந்தேன்போல. சும்மா சும்மா கூப்ட்டு உன்ன தொந்தரவு பண்ட்டேன். மனசுல வெச்சுக்காத பாப்பா" என்றார்.