ஜவ்வு மிட்டாய் வாட்ச்

என் தம்பிக்கு இடது கையை முழுதாக நீட்ட வராது. அதற்குக் காரணம் நான்தான் என்று இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து. பெரிய காஞ்சிபுரத்தில் பங்குனித் தேர். அப்பா, அம்மா இருவருக்கும் தறியில் அவசர வேலை இருந்ததால் சித்தப்பா எங்களை அழைத்துப்போனார். ஒரு பாத்திரக்கடை வாசலில் நிறுத்தி, "இங்கியே நில்லுங்க, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனவர் வரவேயில்லை. தேர் திரும்பியதும் கூட்டம் நெட்டித் தள்ளியது. தம்பி விழுந்தான். அவன் முழங்கையை யாரோ மிதித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு வந்த சித்தப்பாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தோம். என்ன நடந்தது என்று அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"சித்தப்பா உட்டுட்டுப் போய்ட்டாரும்மா." அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

சித்தப்பாவுக்குச் சொல்லத் தெரிந்தது. "ஜவ்வு மிட்டாய்க்காரன் வந்தான் அண்ணி. கோல் மேல பொம்மை, ரெண்டு கையையும் டக்கு டக்குன்னு தட்டுது. இந்தப் பொண்ணு தம்பி கைய உட்டுட்டு ஓடிச்சு. ரோஸ் கலர் மிட்டாய்ல வாட்ச் செஞ்சு கட்டிக்கினு, அத நக்கிக்கினு நிக்குது. பின்னால புள்ள அக்கா, அக்கான்னு கத்துது. நான் கூட்டத்தப் பொளந்துக்கினு போறதுக்குள்ள..." அங்கே நிறுத்தினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னை அறைந்தாள்.

விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் இதைச் சொன்னார். நாலாவது தடவையில் அந்தப் பொம்மை கைதட்டுவது எனக்கே கேட்டது. பள்ளிக்கூடத்தில் தோழியிடம் நானே அழுதுகொண்டு சொன்னேன். மணிக்கட்டில் பிசுபிசுப்பு போகவேயில்லை என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன். அதன்பிறகு நான் தேர் பார்க்கப் போனதில்லை. வீட்டில் எந்தத் தின்பண்டம் வந்தாலும் என் பங்கு தம்பிக்குத்தான்.

இப்போது தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதுகிறேன். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. மூளை மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். 'பயந்தாள்' என்று எழுதினால் வார்த்தை மட்டும்தான் போய்ச் சேரும். சத்தத்தையும் நிறத்தையும் எழுதுங்கள், கேட்பவர் மூளை தானே பார்த்ததுபோல் படம் போட்டுக்கொள்ளும் என்றார். நாளானால் அது கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா என்று அந்த மூளைக்கே தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார். "உங்களுக்கு இது வரம்" என்று சிரித்தார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் பாதியில் எழுந்தேன்.

வெளியே வந்து தம்பிக்கு போன் செய்தேன்.

"ஜவ்வு மிட்டாயா? எவனும் வர்லியேக்கா. நீ என் கைய உடவே இல்ல. நான் உழுந்ததும் என் மேல கவுந்து படுத்துக்கின. உன் முதுகுலயும்தான் மெதிச்சாங்க."

"ஏன்டா இத்தன வருஷமா சொல்லல?"

"அப்பவே சொன்னேன். சின்னப் பையன்னு யாரும் கேக்கல. உனக்குத் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

மறுநாளே சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். நான் கேட்டதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அடப் போம்மா, எப்பவோ நடந்தது. அன்னிக்கி எதுனா சொல்லித்தானே ஆவணும்? நீ இன்னிக்கி கத எழுதிக் கொடி கட்டறியே, அது யாரு ரத்தம்?" என்று சிரித்தார். "அப்போ தம்பியோட அந்தக் கை யாரால சித்தப்பா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சித்தி கொண்டுவந்த தண்ணீரைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஆனால் என்மேல்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்று அம்மா இரண்டாம் முறை கையை ஓங்கியபோது குறுக்கே விழுந்து தடுத்தவர் அவர்தான். "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிடுச்சு, உடுங்க அண்ணி" என்று என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அந்த வீட்டில் என் பக்கம் பேச அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.