சவுதியில் இருந்த என் கணவர்

வேலம்பாளையத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றை வாடகைக்குக் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?" என்பதுதான். ஜெயிலில் ஆயுள் தண்டனை என்று உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்கள், அதையும் 'ங்க' போட்டு மரியாதையாகவே செய்தார்கள். மூன்றாவது இடத்தில் சவுதியில் டிரைவர் என்றேன். சாவி கிடைத்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பொய் சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டவே இடம் கிடைத்தது.

அவர் செய்ததெல்லாம் சாயப்பட்டறையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டபோது விலக்கிவிடப் போனதுதான். ஒருவன் செத்தான், குத்தியவன் ஓடிப்போனான். சட்டையெல்லாம் ரத்தமாக நின்றவர் இவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவருக்காக ஷிப்டை விட்டுவிட்டு வந்து யார் சாட்சி சொல்வார்கள்? மேல்கோர்ட்டும் கைவிரித்த பிறகு, இனிமேல் கவர்னருக்குக் கருணை மனுதான் என்றார் வக்கீல். நிரபராதி என்று எழுதிக் கொடுத்தோம்.

மனு போட்டால் விசாரணை வரும் என்று தெரியும். ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கே வருவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றிருந்த நேரத்தில் நன்னடத்தை அலுவலர் லைனுக்கு வந்து, என் கணவர் பெயரை மட்டும் சொல்லி, இவர் இந்த வீட்டில்தான் தங்குவாரா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கார அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "அவரு சவுதியில இருக்கறாருங்க. போன மாசங்கூட பேரீச்சம்பழம் அனுப்பிச்சிருந்தாருங்க."

அந்தப் பழம் நான் கடையில் வாங்கி வீடு வீடாகக் கொடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் சவுதியோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மனு தள்ளுபடியானது. குடும்பம் ஆள் ஜெயிலில் இருப்பதையே மறைக்கிறது, கைதியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று காரணம் எழுதியிருந்தது.

ஜெயிலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"சவுதியில நான் என்ன வேலை பாக்கேன்?"

"டிரைவர்."

"எனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாதேட்டி."

சிரித்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வந்த அன்றைக்கே லைனில் பத்து வாசலிலும் ஏறி உண்மையைச் சொன்னேன். வீட்டுக்கார அம்மா கடைசிவரை கேட்டார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு. செய்யாதவரு எதுக்கு உள்ள கெடக்கோணும்? வரட்டும்," என்றார். காலி செய்யச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் காலில் விழத் தோன்றியது.

இரண்டாவது மனு தயாரானது. வக்கீல் ஒரு வரி புதிதாகச் சேர்த்தார். நிரபராதி என்று எழுதினால் கோர்ட்டுக்குப் போ என்பார்களாம். வருந்துகிறவனுக்குத்தான் கருணையாம். இவர் கையெழுத்துப் போட மறுத்தார். "செய்யாததைச் செஞ்சேன்னு எப்படிட்டி எழுத?" என்றார். இரண்டு வாரம் போய் அழுதேன். மூன்றாவது வாரம் போட்டுவிட்டார்.

இந்த முறை அலுவலர் வரும் நாளை வக்கீல் மூலம் தெரிந்துகொண்டு, லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்கார அம்மாவிடம், இவர் வந்து தங்க ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

"எனக்கு என்னங்க ஆட்சேபணை? பாவம், அவரு அந்தக் கொலையைப் பண்ணவே இல்லீங்க."

அலுவலர் பேனாவை நிறுத்தினார். ஃபைலைப் புரட்டி, மனுவிலிருந்து நிதானமாக வாசித்தார்: "நான் செய்த கொலைக்காக மனம் வருந்துகிறேன்." கீழே கையெழுத்தையும் காட்டினார்.

வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார். அது அப்படி இல்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சவுதி என்று சொன்னதும் அதே வாய்தான்.

"என்ற ஊட்டுல வயசுக்கு வந்த புள்ளைக ரெண்டு இருக்குதுங்க சார்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "ஆட்சேபணைன்னே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். நாளைக்கு நான் ஜெயிலுக்கு என் கணவரைப் பார்க்கப் போகவேண்டும். கையெழுத்து வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார்.