எமனுக்குச் செய்த ரிங் மாடுலேட்டர்

எமன் வேஷத்தைக் கெடுத்தது நீங்கள்தான். என் பெட்டி இல்லை.

தனுஷ்கோடிக்குக் கப்பல் வந்துகொண்டிருந்த காலம். நான் ராமநாதபுரத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஊர் ஊராக எமன் வேஷம் கட்டினீர்கள். "எமன் பேசுனா மனுசன் பேசுற மாதிரியா இருக்கணும்? குலை நடுங்க வேணாமா?" என்று என் கடையில் வந்து கேட்டது யார்?

கேட்டதால்தான் செய்தேன். கீழக்கரைக்காரர் ஒருத்தர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நாலு டையோடை வட்டமாகக் கோத்து, இரண்டு பக்கமும் டிரான்ஸ்பார்மர் வைத்து, பிஸ்கட் டப்பாவில் அடைத்தேன். ரிங் மாடுலேட்டர் என்று அதற்குப் பேர். ஒரு பக்கம் உங்கள் குரல் போகும். இன்னொரு பக்கம் நான் உங்கள் குரலைவிட உயர்ந்த சுதியில் ஒரு ஊதல் சத்தம் கொடுப்பேன். வெளியே குரலும் வராது, ஊதலும் வராது. இரண்டின் சுதியையும் கூட்டினால் ஒரு சத்தம், கழித்தால் ஒரு சத்தம், அவை இரண்டும்தான் சேர்ந்து வரும். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேய் பேசுகிற மாதிரி இருக்கும். பேசிப் பார்த்தீர்கள். உங்கள் குரலுக்கு நீங்களே பயந்து டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டீர்கள்.

அப்போதே சொன்னேன். "அண்ணே, பேசுங்க. பாடிராதீக. நீங்க சுதி ஏத்துனா இதுல ஒரு குரல் இறங்கும்."

"ஏலே, எனக்கே சொல்லித் தாரியா?" என்றீர்கள்.

அபிராமத்துப் பக்கம் நாடகம். வருகைப் பாட்டுப் பாடாமல் மேடைக்கு வந்தால் வேஷக்காரனுக்கு மரியாதை இல்லையாம். பாடினீர்கள். நடிகர் குரல் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போவதுதான் ஆர்மோனியக்காரர் வேலை. அவர் ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். குழாயில் வந்ததுதான் அவருக்குக் கேட்டது. நீங்கள் ஏற ஏற, குழாயில் ஒரு குரல் இறங்கியது. அவரும் அதோடு இறங்கினார். அவர் வேண்டுமென்றே இறக்குகிறார் என்று நினைத்து, முறைத்துக்கொண்டு நீங்கள் இன்னும் ஏறினீர்கள். அவர் இன்னும் இறங்கினார். கடைசியில் கழுத்து நரம்பு புடைக்க நுனிக்காலில் நின்றீர்கள். குழாயோ புளித்த கஞ்சி குடித்த எருமை மாதிரி கத்தியது.

"எமன் வரலலே! எருமை மட்டுந்தான் வந்திருக்கு!" என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

மேடையில் செத்துக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உயிரை எடுக்க வந்த நீங்கள் ஒரு பிணத்தைப் பிழைக்க வைத்துவிட்டுப் பாசக்கயிற்றோடு இறங்கிப் போனீர்கள்.

அதோடு விட்டீர்களா? "அவன் செட்டை வைக்காதீக, தொண்டையைத் திருடிருவான்" என்று போகிற ஊரிலெல்லாம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு என்னை ஒரு நாடகத்துக்கும் கூப்பிடவில்லை. காதுகுத்துக்குக் குழாய் கட்டிப் பிழைத்தேன். அங்கேயும், "தம்பி, அந்தப் பெட்டியைக் கொண்டாரலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏணி கொடுத்தார்கள்.

பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. வருகிற திருவாடானைத் திருவிழாவுக்குக் கொண்டுவருகிறேன். வாருங்கள். மைக்கைப் பிடித்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள். பாடாதீர்கள் என்று நான் சொன்னேனா, இல்லையா?

பேசினால் போதும். பாட வேண்டாம்.