மேட்டில் நட்ட கோவைக்கொடி

இங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அதை ஆற வைக்க வேண்டும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து நிழலில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சித்திரை மாதம் மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால், மொட்டைமாடியின் கறுப்புத் தொட்டியில் காய்ந்த தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். முதல் தடவை என் வீட்டுக்காரர் ஹீட்டரை அணைக்க மறந்துவிட்டார் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஹீட்டரே கிடையாது என்பது சண்டையின் பாதியில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றியதில் வெண்டைச் செடிகள் வதங்கிப் போயின. அதிலிருந்து வாளிகளில் பிடித்து வைத்து, பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டுத் தேவகிக்கு அது வேடிக்கை. அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கொயந்தைக்குப் பால் ஆத்துற மாதிரி ஆத்திகினு கீற?" என்பாள்.

மெட்ராஸில்தானே இருக்கிறாய், கடல் காற்று வருமே என்று ஊரில் கேட்கிறார்கள். வரும். ஆனால் கோயம்பேடு தாண்டுவதற்குள் அதற்குக் களைப்பு வந்துவிடும். ஆவடிக்கு அப்பால் கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது சேலை முந்தானைகூட அசையாது. வீட்டுக்காரருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. எனக்குப் பூந்தமல்லி சாலையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. ஆகவே ஊர் விழித்திருக்கும்போது நான் தூங்க வேண்டும். எங்கள் படுக்கையறையோ மேற்குப் பக்கம். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டது போலிருக்கும். போன கோடையில் தூக்கமில்லாமல் பணிக்குப் போய், ஒருநாள் ஒரு நோயாளிக்குக் கொடுத்த மருந்தையே மறுபடி கொடுக்கப் போனேன். கூட இருந்த பெண் கையைப் பிடித்து நிறுத்தினாள். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு நிதானமாகவே சொன்னார். "அடுத்த வெயிலுக்குள்ள இந்த ரூம்ல நீ ஒறங்க முடியல்லண்ணா, வீட்ட வாடகைக்கு விட்டுக்கிட்டு அம்பத்தூருல பிளாட்டு பாப்போம். ஏசி போட்டுக்கலாம்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு கீற்று மண் இருக்கிறது. என் பெயரில் இந்த உலகத்தில் இருக்கும் மண் அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு மூன்றாம் மாடியில் போய்க் குடியேற எனக்கு மனம் வரவில்லை. சுவரை நிழலால் மூடிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

சவால் விட்டவள் செய்த முதல் காரியம், குமரி மாவட்டத்துக்காரர் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். வைகாசிப் பாதியில் தொடங்கும் மழையை நாம் இடவப்பாதி என்போம், அதை நம்பித்தான் கன்று நடுவோம். அக்கா போனில், "இஞ்ச மழை தொடங்கியாச்சு பிள்ளே, ஒனக்க ஊருல உண்டா?" என்று கேட்டாள். அன்று மாலை ஆவடியிலும் இடி இடித்து ஒரு மழை கொட்டியது. போதாதா? ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஜாதிக்காய், அயனிப்பலா, நல்லமிளகுக் கொடி எல்லாவற்றையும் மறுநாளே நட்டேன். அதுவும் நம் வழக்கப்படி மண்ணைக் குவித்து மேடு கட்டி, மேட்டின் தலையில். நம் ஊரில் தண்ணீரைத் தேட வேண்டியதில்லை, வேர் அழுகாமல் அதை வழியனுப்பிவைப்பதுதான் பாடு. கை அதற்கே பழகியிருந்தது.

வரிசையாக நின்ற மேடுகளைத் தேவகி வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யக்கா, நாய் எதுனா வளத்துகினு இருந்தியா?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. இல்லையே என்றேன். "பின்ன யாரப் பொதச்சி வச்சிகீற?" மேடு கட்டி நடும் முறையை நான் விளக்கினேன். அவள் தலையாட்டினாள், ஆனால் இரண்டு நாளுக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளை விளையாட விடவில்லை.

அவள் பயந்ததுபோலவே அவை சமாதிகள் ஆயின. அந்த ஒரு மழைக்குப் பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. ஊற்றிய தண்ணீரெல்லாம் மேட்டிலிருந்து வழிந்து ஓடியது. முதலில் நல்லமிளகு போனது, பிறகு ஜாதிக்காய். அயனி மட்டும் ஆடி வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் எல்லாம் தளிர்க்கிறது என்று சொல்லிவைத்தேன்.

"பள்ளம் தோண்டுக்கா. தண்ணி நிக்கணும்" என்றாள் தேவகி. இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்த காலத்தில் அவளைப் பெற்றவர்கள் இங்கே நாற்று நட்டவர்கள். பாரிவாக்கத்தில் அவள் நாத்தனார் வீட்டு வேலியில் கிடந்த கோவைக்காய்க் கொடியில் முற்றிய தண்டுகளாகப் பார்த்து வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மேடுகளை உடைத்துப் பள்ளமாக்கி, அவற்றில் கோவைத் தண்டையும் மல்லிப்பூச் செடியையும் கறிவேப்பிலையையும் வைத்தேன். கடைசி மேட்டை மட்டும் உடைக்கவில்லை. தத்துவமெல்லாம் இல்லை, முதுகு வலித்தது. மிஞ்சிய தண்டை அதன் தலையில் குத்திவைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் கோவில்பதாகை ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. தேவகி வீட்டு வாசல் முழுக்கச் சிமெண்ட். முன்னொரு மழையில் பாம்பு வந்ததிலிருந்து அப்படிப் போட்டுவிட்டார்கள். அதில் விழுந்த தண்ணீரும் சேர்ந்து என் பள்ளங்களில் குளமாக நின்றது. தண்ணீர் வடிந்தபோது மல்லியும் கோவைத் தண்டும் கறுத்துக் கிடந்தன, கறிவேப்பிலை கையோடு வந்தது. வேகாத வெயிலில் செடி சாவதைப் பார்த்துப் பழகிய தேவகி, மழையில் செத்ததைக் கையில் எடுத்து வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுகாத அந்த ஒரு மேட்டில் மட்டும் கோவைத்தண்டு இரண்டு இலை விட்டிருந்தது. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். செடிக்காகவா, பிளாட்டுக்குப் போக வேண்டுமே என்றா, தெரியாது.

வெயில் ஒரு பக்கம் காய்ச்சி, மழை ஒரு பக்கம் முக்கும் ஊரில் மேடும் வேண்டும், பள்ளமும் வேண்டும். மேட்டைச் சுற்றி வாய்க்கால் போல் வெட்டி, அதில் ஆவடி இளநீர்க் கடைகளில் கிடைத்த மட்டைகளை மல்லாக்க அடுக்கிப் புதைத்தேன். அவை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தேவகி கூட்டிக் கொளுத்தும் சருகை வாங்கி மேலே பரப்பினேன். வீட்டுக்காரரே சுவரை ஒட்டிக் கம்பி கட்டிக் கொடுத்தார். தையில் கொடி தவழ்ந்தது, மாசியில் கம்பியைப் பிடித்தது, பங்குனி முடிவதற்குள் ஜன்னலைக் கடந்து தேவகி வீட்டுச் சுவரிலும் ஏறிவிட்டது. அவள் தன் பக்கம் ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டைப் பெயர்த்து, அங்கே ஒரு மேடு கட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். அதைச் சமாதி என்று யாரும் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில் பிளாட்டுப் பேச்சு எழவில்லை. போன வாரம் அக்கா கூப்பிட்டாள். அங்கேயும் கிணறு வற்றுகிறதாம், வாழை குலை தள்ளும் முன்னே ஒடிகிறதாம். "நீ அந்த வெயிலுல எப்பிடிப் பிள்ளே வளக்குத?" என்று கேட்டாள். மட்டை புதைக்கும் பள்ளத்தின் அளவை நான் குலசேகரத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது பெருமையாக இல்லை.

நேற்று பணி முடிந்து வந்து படுத்தவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். விழிக்கும்போது அறை முழுக்கப் பச்சை வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே இலைகளில் சடசடவென்று சத்தம். இடவப்பாதி தொடங்கிவிட்டது, அக்கா துணிகளை எடுக்க ஓடியிருப்பாள் என்று நினைத்தபடியே, "மழையா?" என்று கேட்டேன்.

"எந்த ஊர்ல கீறக்கா நீ? வெயில் கொளுத்திகினு கீது" என்றது சுவருக்கு அந்தப் பக்கம் தேவகியின் குரல். "கொடில தூசிக்கா, அதான் சொம்புல மொண்டு ஊத்துறேன். ஆற வச்ச தண்ணிதான். நீ தூங்கு."

ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டினேன். இலையிலிருந்து உருண்டு உள்ளங்கையில் விழுந்த சொட்டு, இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.