ஆறு மணிக்கு முன் நாற்பது நொடி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தீவில் வீடு வீடாகப் போய் மீந்த மருந்து வாங்கியது. மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை. நான் வண்டி ஓட்டினேன். அம்மா ஒவ்வொரு வீட்டிலும் இறங்கி, உள்ளே போய், காப்பி குடித்து, கையில் ஒரு பொட்டலத்தோடு திரும்பினாள். ஆறு வீடு, ஆறு காப்பி. பொட்டலங்கள் ஒரு நீலக் குளிர்ப்பைக்குள் போயின.

கடைசி வீடு யால்மாருடையது. மனைவி போர்ஹில்ட் பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்திருந்தாள். அம்மா திரும்பி வர அரை மணி நேரம் ஆனது.

"மாத்திரைய ஒவ்வொண்ணா எண்ணிக் குடுத்தாரு. அழுதாரு. அப்புறம் என் இடுப்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"எப்படி இருக்கு?"

"உன் வண்டியவிட நல்லா இருக்கு."

அம்மா வீட்டு வாசலில் நான் பையை வாங்கக் கை நீட்டினேன். "குடும்மா. காலைல மருந்துக்கடையத் தாண்டித்தானே வேலைக்குப் போறேன்."

"நீ மறந்துடுவ. ஒரு வாரம் வண்டியிலயே கிடக்கும். நாளைக்கு நானே படகுல போய்க் குடுத்துடறேன்."

"நான் எதம்மா மறந்தேன்?"

"என் பிறந்தநாள. ரெண்டு தடவ."

உண்மைதான். சிரித்துக்கொண்டே பையை விட்டுவிட்டேன்.

நான் மின் தொழில்நுட்ப வேலை பார்க்கிறேன், தீவுக்கு எதிரே, ஃபியோர்டு என்ற கடற்கழிக்கு அந்தக் கரையில், சால்மன் மீன் தீவனத் தொழிற்சாலையில். அங்கே இருக்கும் மருந்துக்கடையை ஒரு நாளைக்கு இரண்டு முறை தாண்டுகிறேன்.

அம்மாவின் பெயர் தோர்குன். இருபத்தேழு வருடம் மீன் வெட்டும் ஆலையில் நின்றாள். ஆலையை மூடியபின் உள்ளூர் வானொலிக்கு வந்தாள். தீயணைப்பு நிலையத்தின் மாடியில் ஓர் அறை, இரண்டு ஒலிவாங்கி, சம்பளம் கிடையாது. கருவிகளை நான் பார்த்துக்கொண்டேன். புதன்கிழமை ஆறு மணிக்கு பிங்கோ விளையாட்டின் எண்களை அவள்தான் படிப்பாள். அந்த நேரத்தில் தீவில் ஒருவர் விடாமல் பிங்கோ புத்தகத்தைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். "ஐம்பத்தேழு. என் வயசு, பொய் சொல்றப்ப," என்பாள். அவளுக்கு அறுபது தாண்டியிருந்தது. அந்த ஒரு நகைச்சுவைக்காகவே ஐம்பத்தேழு வரவேண்டும் என்று சிலர் காத்திருந்தார்கள்.

ஏழு வருடத்துக்கு முன் மீன் பண்ணையில் வேலை பார்த்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். பாட்டியின் படுக்கையருகே இழுப்பறையில் இருந்த, போதை தரும் வலி மாத்திரைகளை எடுத்து விழுங்கியிருந்தான். அந்தச் சமயத்தில் தொலைக்காட்சியில் போதைக்கு எதிரான அரசு விளம்பரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இருட்டுச் சந்து, முகத்தை மூடிய ஒருவன், ஓர் ஊசி. அம்மா பார்த்துவிட்டுக் கோபப்பட்டாள். "இந்தத் தீவுல சந்தே கிடையாதே. யாரப் பாத்துப் பயப்படச் சொல்றாங்க?"

அவளே நாற்பது நொடிக்கு எழுதினாள். நான் பதிவு செய்தேன். பிங்கோவுக்கு முன்னால் வைத்தோம், யாரும் அணைக்க மாட்டார்கள் என்பதால்.

"நான் தோர்குன். உங்க இழுப்பறையத் திறந்து பாருங்க. வெளியாள் வந்து எடுக்கமாட்டான். எடுக்கறவங்க நம்ம வீட்டு ஆளாத்தான் இருப்பாங்க, நாம நம்பற ஆளாத்தான் இருப்பாங்க. மீந்த மருந்த மருந்துக்கடையில திருப்பிக் குடுங்க. பேர் கேக்கமாட்டாங்க, கணக்கு வைக்கமாட்டாங்க. உங்களால போக முடியலையா, எனக்கு ஒரு போன் போடுங்க."

அதற்குப் பலன் கிடைத்தது. முதல் மாதமே இரண்டு சாக்கு மருந்து சேர்ந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து பூங்கொத்து கொடுத்தார்கள். எங்களுடைய நாற்பது நொடியைப் பற்றி ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரத்துக்கு வலி மாத்திரை. ஏழாவது வாரம் நிறுத்திவிட்டாள். "ரேடியோவுல அப்படிப் பேசிட்டு நானே முழுங்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். தொழிற்சாலையில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

ஏப்ரல் ஒன்பது, செவ்வாய்க்கிழமை காலை, அம்மா எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தெட்டு. மருத்துவர் இதயம் என்று எழுதினார். நானும் கேள்வி கேட்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் வானொலியின் தலைவர் ஸ்டைனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த புதன்கிழமை அவங்க குரல ஒரு தடவ போடுவோம்மா. எப்பவும் போல பிங்கோவுக்கு முன்னால. ஊரே கேக்கும்."

சரி என்றேன்.

திங்கட்கிழமை, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை மீந்ததை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். மாரித் என்ற பெண் வாங்கிக்கொண்டாள்.

"தோர்குன் பொண்ணா நீ? கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருந்துச்சு. மூணு வருஷமா ஆளையே காணோமேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வருவாங்களே."

"ஆபரேஷனுக்கு முன்னாடி வந்துட்டிருந்தாங்க. அப்புறம் வரல. தீவுல யார்கிட்டயும் இப்ப மருந்து மிஞ்சறதில்ல போலன்னு நானும் விட்டுட்டேன்."

"வேற யாராவது வாங்கி வச்சிருப்பாங்களா?"

"இங்க நானும் என் தங்கச்சியும்தான்."

மின்சாரம் ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் வந்து சேரவில்லை என்றால், நடுவில் எங்கே அறுந்தது என்று தேட வேண்டும். அது என் தொழில். அன்று மாலையே அம்மா வீட்டில் தேடினேன். துணி துவைக்கும் அறையில், கம்பளி நூல் கூடைகளுக்குப் பின்னால் இரண்டு சாக்கு இருந்தன. வயிற்றுக்கு, சர்க்கரைக்கு, காய்ச்சலுக்கு என்று ஊரில் வாங்கிய மருந்துகள், அவள் எதையும் தொடவில்லை. பக்கத்தில் மூன்று கேக் டப்பா. அவற்றில் வலி மாத்திரையின் வெற்று அட்டைகளும் பெட்டிகளும். ஒட்டியிருந்த பெயர்களை நகத்தால் சுரண்டியிருந்தாள். போர்ஹில்டின் பெயரைச் சுரண்டவில்லை, நேரம் இருந்திருக்காது. அந்தப் பெட்டியில் மட்டும் நான்கு மாத்திரை மீதி.

நீலப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

சமையலறை நாட்காட்டியில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையில் 'மருந்துக்கடை' என்று அவள் கையெழுத்து. முடித்த வேலையின் மேல் கோடு இழுப்பது அவள் வழக்கம். எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் கோடு இருந்தது.

எனக்கு முதலில் நினைவு வந்தது என் வண்டி. மூன்று வருடம் நான்தான் ஓட்டினேன். என்னை வாசலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்திருக்கிறாள். பிறந்தநாளை மறந்ததைச் சொல்லிச் சிரிக்கவைத்தது பையை என் கையில் தராமல் இருக்க. நான் சிரித்தது உண்மையாக.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் மாரித்திடம் கொடுத்தேன். அவள் டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். மூடி உள்ளே எடுத்துப்போனாள்.

புதன்கிழமை, நிகழ்ச்சி வரிசையிலிருந்து அம்மாவின் பதிவை எடுத்தேன். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. ஸ்டைனாரிடம் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு யால்மார் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு வயது எண்பத்திரண்டு. மேசையில் பிங்கோ புத்தகம், வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி எல்லாம் தயாராக இருந்தன.

"உக்காரு, உக்காரு. சரியான நேரத்துக்கு வந்த. இன்னிக்கி அவ குரல் வருமாமே."

ஐந்து ஐம்பத்தொன்பது. இசை நின்றது. பிறகு எதுவும் இல்லை. யால்மார் வானொலியின் பக்கம் குனிந்தார். முப்பது நொடி ஒலி இல்லாவிட்டால் ஒலிபரப்பியிலிருந்து என் கைபேசிக்கு எச்சரிக்கை வரும், நானே வைத்த ஏற்பாடு. அது அடித்தது.

"பாத்தியா, கெட்டுப்போச்சு! தோர்குன் போய் ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள ஸ்டைனார் ரேடியோவையே மூழ்கடிச்சுட்டான்."

"கெடல. நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன்?"

மூன்று வாக்கியத்தில் சொன்னேன். ஸ்டைனார் எண்களைப் படிக்க ஆரம்பித்தார். யால்மார் ஒன்றையும் குறிக்கவில்லை.

"தொண்ணூத்தாறு குடுத்தேன்," என்றார். "எண்ணித்தான் குடுத்தேன்."

"நாலு மீதி இருந்துச்சு."

பேனாவுக்கு மூடி போட்டார்.

"கடைசி வாரம் போர்ஹில்ட் வலியில கத்தினா. இன்னொண்ணு குடுன்னு கெஞ்சினா. தேவைப்பட்டா குடுக்கலாம்னு நர்ஸ்கூட சொன்னா. நான் குடுக்கல. உங்கம்மா சொன்னதே காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு. வாராவாரம் கேட்டேனே. பயந்துட்டேன். ஒண்ணுகூட அதிகமாக் குடுக்கல."

பிங்கோ புத்தகத்தைத் தள்ளி வைத்தார்.

"அவ கத்தக் கத்த மிச்சம் பிடிச்சு வச்சேன்," என்றார். "யாருக்கு?"

"அம்பத்தேழு," என்றது வானொலி. ஸ்டைனார் வேறெதுவும் சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போனார்.

யால்மார் எழுந்து ரொட்டிப் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். பத்து மாத்திரை, உடைக்காதது.

"இது அப்புறம் கெடச்சுது. அவ அங்கிப் பையில இருந்துச்சு. தோர்குனுக்குப் போன் பண்ணேன். புதன்கிழமை வந்து வாங்கிக்கறேன்னா."

நான் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"அந்தக் கரைக்குப் படகு காலைல எத்தன மணிக்கு?"

"ஏழு பத்துக்கு."

"ம்," என்றார்.

அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய் நாட்காட்டியை மறுபடி பார்த்தேன். ஏப்ரல் பத்து, புதன்கிழமைக் கட்டத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: 'யால்மார், ஓர் அட்டை. பிங்கோவுக்கு முன்.' அதன் மேல் கோடு இல்லை.