உருக்கி எடுத்த எட்டுப் போத்தல்

நெய் விற்கிற எங்களுக்கு 'உருக்குறது' என்றால் ஒரு வேலை மட்டும் இல்லை. வெண்ணெயைக் கரைக்கிறது, தண்ணியை வற்ற விடுறது, அடி மண்டியைப் பிரிச்சு வடிக்கிறது, எல்லாத்துக்கும் அந்த ஒரே சொல்தான். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிற சகோதரிமாருக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

சத்தம் அடங்கவில்லை

கிரான் ஊரில் மாமி வீட்டு எருமைப் பாலில்தான் தொடங்கினேன். வெண்ணெய் கொதிக்கும்போது சடசட என்று சத்தம் வரும். அது அடங்கினால்தான் தண்ணி வற்றிவிட்டது என்று அர்த்தம். முதல் தரம் மகள் எழும்பி அழுதாள் என்று அவசரப்பட்டு இறக்கி, பக்கத்து வீட்டு ரீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் போத்தலோடு வந்தா. மூடியைத் திறக்கப் புளித்த வாடை.

"பிள்ள, இன்னும் ரெண்டு நாள் விட்டா இது திரும்பவும் தயிராயிடும் போல கிடக்கு."

அடி மண்டி

வடித்த பிறகு சட்டியில் மண்ணிறமாக ஒட்டிக்கிடக்கும் மண்டியை நான் சுரண்டி எறிந்துவந்தேன். போத்தல் ஏற்றவரும் ஓட்டோக்கார அண்ணன் ஒருநாள் அதைக் கண்டுவிட்டார். சீனி கேட்டு வாங்கி, அதில் போட்டுப் பிசைந்து, நின்ற நிலையிலேயே தின்று முடித்தார்.

"நெய்ய ஊருக்குக் குடு தங்கச்சி. சட்டிய மட்டும் கழுவிப் போடாத."

கலியாண நெய்

ஏறாவூரில் ஒரு கலியாண வீட்டுக்கு நெய்ச்சோறு ஆக்க எட்டுப் போத்தல் கேட்டார்கள். எனக்கு வந்த முதல் பெரிய ஓடர். இது சரிவந்தால் அந்தத் தெரு முழுக்க என்னிடம் நெய் கேட்கும். பிழைத்தால் அந்தப் பக்கம் தலைகாட்ட ஏலாது. இரண்டு கிழமை சேர்த்த வெண்ணெய் முழுவதையும் அடுப்பில் வைத்தேன். சத்தம் அடங்குகிற நேரம் பார்த்து மகள் சத்தி எடுத்தாள். அவளைக் கழுவித் துடைத்துவிட்டு ஓடிவந்தால், மண்டி சிவந்து, நெய்யும் தேன் நிறமாகிவிட்டது. விடிந்தால் கலியாணம். மறுபடி உருக்க வெண்ணெயும் இல்லை. குந்தியிருந்து நல்லா அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போத்தல்களோடு போனேன். மறைக்கவில்லை, பெண்ணின் உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவ சமையல்காரரை, எல்லாரும் 'காக்கா' என்கிற மூத்த அண்ணனை, கூப்பிட்டா. அவர் ஒரு கோப்பைச் சூடு சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறி, மோந்து பார்த்து, ஒரு வாய் தின்றார். பிறகு இன்னொரு வாய். அந்த இரண்டாவது வாயில்தான் எனக்கு மூச்சு வந்தது.

"வெளிறின நெய் இவ்வளவு சோத்துல காணாமப் போயிடும், தங்கச்சி. இது வாசல்ல வாற ஆளையே பிடிச்சு இழுக்கும். எட்டையும் இறக்குங்க."

ஆக, நெய் சிவந்தால் முதலில் சூடு சோற்றில் ஊற்றிப் பாருங்கள், அழுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் அந்த வரிசையை மாற்றிச் செய்தவள்.