அண்ணையின் பெயரில் நாங்கள் இருந்த வீடு

எங்கள் சனத்துக்கு ஜெர்மன் கடிதம் ஒன்று வந்தால், உறையைக்கூடக் கிழிக்காமல் என் சமையலறை மேசைக்குக் கொண்டு வருவார்கள். நான் வக்கீலும் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் இல்லை. டோர்ட்முண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஆனால் எனக்கு வாய் நீளம். அலுவலகக்காரரோடு போனில் சண்டை பிடிக்கப் பயமில்லை. சும்மா சொல்லக்கூடாது, என்னைத் தேடி வருகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணை வந்தார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. ஊரில் எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கைக்காரர், எனக்கு முன்பே இங்கு வந்தவர். இத்தாலிய உணவகச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, நின்று நின்றே முப்பது வருடத்தைக் கழித்தவர். மனைவி இறந்துவிட்டார். லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாம் மாடியில் தனியாக இருக்கிறார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. பால் வாங்கிக்கொண்டு வந்தாலும் படியில் இரண்டு இடத்தில் குந்தி எழும்பித்தான் மேலே போவார்.

அவருக்கு இப்போது படி ஏறத் தேவையில்லாத நிலமாடியில் ஒரு வீடு கிடைக்கப் போகிறது. வைத்தியருக்கும் கிட்ட, கடைக்கும் கிட்ட. வீட்டுக் கம்பனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடன் இல்லை என்று காட்டும் அறிக்கை. அதை எடுத்துப் பார்த்தால், பழைய வாடகைக் கடன் ஒன்று அவர் பெயரில் பதிந்து கிடக்கிறது. மூன்று கிழமைக்குள் அதை நீக்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பாருங்கோ. ஆரோ வாடகை கட்டாமல் ஓடினதாம், அது நானாம்! நான் வந்த நாள் தொட்டு ஒரே வீட்டிலதானே கிடக்கிறன். ஒரு சூடான கடிதமா எழுதிப் போடுங்கோ."

நானும் சூடாகத்தான் பேனையை எடுத்தேன். "விடுங்கோ அண்ணை, உவங்களுக்கு நான் குடுக்கிறன்" என்றுகூடச் சொன்னேன். பிறகு தெருப் பெயரைப் பார்த்தேன். வீட்டு இலக்கத்தைப் பார்த்தேன். அது நானும் கணவரும் இருந்த வீடு.

நாங்கள் வந்த புதிதில் எங்களிடம் இருந்தது சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகக் கடதாசி. அதைக் கண்டவுடன் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். நிரந்தர விசாவும் நிரந்தர வேலையும் உள்ள ஒருவர் தன் பெயரில் வீட்டை எடுத்து, வந்தவர்களை இருத்துவது அப்போது எங்களுக்குள் நடக்கிற காரியம்தான். அண்ணை மூன்று குடும்பத்துக்கு அப்படிக் கையெழுத்து வைத்தார். அதில் ஒன்று நாங்கள். அதற்காக ஒரு பிளேன்டீக்கு மேல் எங்களிடம் எதையும் வாங்கியதில்லை.

இரண்டு வருடம் வாடகையை ஒழுங்காகவே கட்டினோம். பிறகு கடதாசி சரிவந்து, எங்கள் பெயரிலேயே வேறு வீடு கிடைத்தது. கார்த்திகை முடிய நாலு நாள்தான் இருந்தது. மார்கழியில் யார் புதுவீடு குடிபுகுவார்கள்? தை பிறக்கும்வரை இருந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும். நல்ல நாள் பார்த்து, ஓடிப்போய்ப் பால் காய்ச்சினோம். பழைய வீட்டுக் கதவுத் திறப்பை ஒரு உறையில் போட்டு, 'நன்றி' என்று எழுதி, வீட்டுக்காரரின் தபால் பெட்டிக்குள் போட்டேன். திறப்பைக் கொடுத்தால் வீட்டுக் கதை முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி அறிவிக்க வேண்டும், ஆள் வந்து பார்த்து ஒப்பமிட வேண்டும், எண்ணெயும் மஞ்சளும் பிடித்த சமையலறைச் சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

இவ்வளவுதான் என்றால் அறியாமல் செய்த பிழை என்று மனதைத் தேற்றியிருப்பேன். அடுத்த வருடம், அந்த வீட்டில் எங்களுக்குக் கீழே இருந்த ஜெர்மன் மனுசி என்னைக் கடையில் கண்டாள். உங்கள் பழைய தபால் பெட்டிக்கு ஒன்று வந்தது என்று மறுநாள் ஒரு மஞ்சள் உறையைக் கொண்டுவந்து தந்தாள். நீதிமன்றக் கடிதம் இங்கே மஞ்சள் உறையில்தான் வரும். அதில் அண்ணையின் பெயர் இருந்தது. நான் பிரித்துப் படித்தேன். அப்போது என் ஜெர்மன் அரைகுறைதான், ஆனால் வாடகை, கடன், இரண்டு கிழமைத் தவணை என்பது விளங்கியது.

அந்த நாட்களில் அண்ணையின் மனைவி ஆஸ்பத்திரியில், இனி இல்லை என்ற நிலையில் கிடந்தார். இந்த நேரத்தில் இதைப் போய் நீட்டுவதா என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். செத்தவீடு முடிந்தது. முப்பத்தொராம் நாள் முடிந்தது. வருடம் திரும்பி ஆட்டத்திவசமும் முடிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறை சொல்லலாம் என்று எழும்பி வந்தேன். பிறகு நாங்கள் வீடு மாறியபோது அந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஓம், கிழித்துத்தான் போட்டேன்.

"எந்த வீடெண்டு விளங்குதோ?" என்று அண்ணை கேட்டார். "உந்த ரோட்டுப் பேருகள் ஒண்டும் என்ர மண்டைக்குள்ள நிக்காது. நீங்கள் இருந்தது இந்த ரோட்டிலயோ?"

"இல்லையண்ணை. நாங்கள் அங்கால, ஸ்டேசன் பக்கம்."

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்! முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி தரட்டோ என்று வேறு கேட்டேன்.

அண்ணை விரல் விட்டு எண்ணினார். மற்ற இரண்டு குடும்பத்தில் ஒன்று லண்டனுக்குப் போனது. அவர்கள் வெளிக்கிடும்போது இவரே கூட நின்று வீட்டை ஒப்படைத்தவர். மிஞ்சியது ஒருவர். இப்போது பக்கத்து நகரத்தில் தமிழ்க் கடை வைத்திருப்பவர். "அப்ப உவன்தான்," என்று அண்ணை மேசையில் அடித்தார். நான் அவர் கோப்பைக்குள் தேத்தண்ணியை ஊற்றினேன்.

அடுத்த கிழமை வாடகைக்குக் குடியிருப்போர் சங்கத்தில் ஆலோசனை கேட்க ஒரு டெர்மின் எடுத்து, நானே அவரைக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த இளம் பெண் ஆலோசகர் தாள்களைப் புரட்டிவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். அந்த வீட்டில் உண்மையில் இருந்தவர்கள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், நீதிமன்றக் கடிதம் இவர் கைக்கு வரவே இல்லை என்று வாதாடலாம். பதிவை நீக்க நல்ல இடமிருக்கிறது. அதுவரை ஒரு சதமும் கட்டக்கூடாது. அன்றைக்கே ஆட்சேபனைக் கடிதம் ஒன்றை அனுப்பியும் வைத்தார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் மட்டும் நான் பெரிய நேர்மைக்காரி!

வெளியே மழை. ட்ராம் தரிப்பிலேயே அண்ணை கடைக்காரருக்குப் போன் எடுத்தார்.

"டேய், உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? என்ர பேரை நாறடிச்சுப்போட்டியே! ஒரு பக்கம் எழுதித் தா, காசும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்."

மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "அண்ணை, சத்தியமா நானில்லை. என்ர பிள்ளையள் மேல ஆணை!"

"பிள்ளையளை இழுக்காதை!" என்று அண்ணை போனை வைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அவருக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு பக்கம் எழுதினால் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் மஞ்சள் உறையையும் எழுத வேண்டுமே. ஊர்க் கடிதமெல்லாம் படிக்கிறவள் ஊர்க் கடிதத்தை ஒளித்தவள் என்று தெரிந்தால் சனம் என்ன சொல்லும்? அதை நினைத்துத்தான் வாய் மூடியது. அண்ணையின் முழங்காலை நினைக்கவில்லை. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். நகைக்குச் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்து, அண்ணையின் கோப்பு இலக்கத்தைப் போட்டு, முழுக் கடனையும் வட்டியோடு கட்டிவிட்டேன். கடன் தீர்ந்தால் பெயரும் துப்புரவாகிவிடும் என்பது என் நினைப்பு. கட்டாதே என்று அந்த ஆலோசகர் பெண் சொன்னது காதில் கிடந்தது. படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியாததா என்று விட்டேன். கெடுகுடி சொற்கேளாது. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணை சிரித்துக்கொண்டே வந்தார். கையில் புதுக் கடிதம். 'கட்டப்பட்டது' என்ற ஒரு ஜெர்மன் சொல் அவருக்கு விளங்கியிருந்தது.

"பாத்தியளே தங்கச்சி, காசைக் கட்டிப்போட்டான்! நான் போட்ட சத்தம் அப்பிடி. அவன்ர கள்ளத்தனத்தைப் போன வெள்ளி கோயிலில எல்லாருக்கும் சொன்னனான். இனி அவன்ர கடைக்கு ஒருதரும் போகாயினம்."

கடிதத்தை வாங்கி மிச்சத்தைப் படித்தேன். முழுத் தொகையும் வந்து சேர்ந்ததால் ஆட்சேபனை முடித்துவைக்கப்படுகிறது. பதிவு 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு இன்னும் மூன்று வருடம் இருக்கும்.

"அண்ணை, பதிவு அழியாதாம். மூண்டு வருசம் நிக்குமாம்."

"கட்டியாச்செல்லே?"

"கட்டினபடியால்தான் அண்ணை. கட்டினால் கடனை ஒத்துக்கொண்ட மாதிரியாம்."

வீட்டுக் கம்பனிக்கு உடனே போன் எடுத்தேன். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், திரும்பவும் கெஞ்சினேன். அங்கே போனை எடுத்த பெண் மரியாதையாகவே சொன்னாள்: வீடு இன்று காலை வேறொருவருக்குக் கொடுபட்டுவிட்டது.

அண்ணை இரண்டு கையாலும் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். "சரி விடுங்கோ. ஏறிப் பழகின படிதானே," என்றார். பிறகு குரல் மாறியது. "கட்டாமல் விட்டிருந்தால் வழி ஒண்டு இருந்தது. அதையும் கெடுத்துப்போட்டான் அறுவான். உவன் நல்லா இருப்பானோ?"

அந்தச் சாபம் என் தலையில்தான் விழுந்தது. அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"அண்ணை, அவரைத் திட்டாதேங்கோ. அது நாங்கள் இருந்த வீடு. காசு கட்டினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் உறையைச் சொன்னபோது மட்டும் அவர் நிமிர்ந்தார்.

"அது எப்ப வந்தது? அவ இருக்கேக்கையோ?"

"ஓம் அண்ணை. ஆஸ்பத்திரியில இருக்கேக்கை."

"என்னட்டைச் சொல்லியிருந்தால் கட்டியிருப்பன், தங்கச்சி. அவ்வளவுதானே," என்றார். அவர் கத்தியிருக்கலாம், அடித்திருக்கலாம். நான் அழுதேன். அவர் என்னை ஆற்றவில்லை. தன் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, மேசையில் எனக்கு முன்னால் வைத்தார்.

"நான் ஏசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். நீங்கள் செய்ததை நீங்கள்தான் சொல்லவேணும்."

கடைக்காரர் எடுத்தவுடனே, "இன்னும் என்ன ஏசப் போறியள் அண்ணை? இண்டைக்கு முழுக்கக் கடைக்கு ஒருதரும் வரேல்லை," என்றார். நான்தான் பேசுகிறேன் என்று சொல்லி, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன். முடிந்த பிறகுதான் அவர் கேட்டார்.

"அக்கா, இதை வெள்ளிக்கிழமை கோயிலில வந்து சொல்லுவியளோ? அண்ணை என்னைக் கள்ளன் எண்டு சொன்ன அதே இடத்தில?"

"ஓம், வந்து சொல்லுறன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, சனம் பந்தியில் இருந்த நேரம் எழும்பி நின்று சொன்னேன். கடைக்காரரும் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்து கேட்டார்கள். அண்ணை வரவில்லை. கால் நோகிறது, இன்றைக்கு நாலு மாடி இறங்கி ஏற ஏலாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.